வைஃபையை அறுத்தது யார்? லினக்ஸ் டெர்மினலில் கண்காணிப்பு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்து போகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பதில்: டெர்மினலைத் திறந்து 'ஐடபிள்யூ ஈவென்ட்' (iw event) கொடுங்கள். கூடவே பெரிய எழுத்து டி (-T) ஸ்விட்சும் போடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் நேரம் விழும். சின்ன எழுத்து டி வேண்டாம். அது 1970-இலிருந்து எண்ணிய விநாடிகளைக் காட்டும், கண்ணால் படிக்க முடியாது. ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஸ்கேன் தொடங்கியது, முடிந்தது, கனெக்ட் ஆனது என்று கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, சொல்வதெல்லாம் வரிவரியாக வரும்.

அறுந்ததும் 'டிஸ்கனெக்டட்' வரியைப் பிடியுங்கள். அடைப்புக்குறிக்குள் 'பை ஏபி' (ஏபி என்றால் ஆக்சஸ் பாயின்ட், இங்கே உங்கள் ரூட்டர்) இருக்கிறதா, 'லோக்கல் ரிக்வெஸ்ட்' இருக்கிறதா? லோக்கல் என்றால் வெட்டியது உங்கள் மெஷின்தான், ரூட்டரைத் தொடாதீர்கள். ஏன் அறுந்தது என்று சொல்லும் ரீசன் எண் அதற்குப் பிறகுதான். 3 என்றால் அனுப்பியவரே விலகுகிறார். 4 என்றால் நெடுநேரம் பேச்சில்லை. 15 என்றால் பாஸ்வேர்டை வைத்து நடக்கும் கீ பரிமாற்றம் முடியவில்லை.

கேள்வி: இதற்கு சூடோ (அட்மின் உரிமை) வேண்டுமா?

பதில்: ஈவென்ட் வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் சூடோ தேவையில்லை.

கேள்வி: ஐடபிள்யூகான்ஃபிக் போதாதா?

பதில்: போதாது. அது பழைய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் காலத்துக் கருவி. விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்ட் சரியாகத்தான் அடித்தேன். ஆனாலும் ரீசன் 15.

பதில்: டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் 'பாஸ்வேர்ட் தப்பு' என்று ரூட்டர் சொல்லவே சொல்லாது. கீ பரிமாற்றத்துக்கு நான்கு செய்திகள். நீங்கள் அனுப்பும் இரண்டாவது செய்தி சரிபார்ப்பில் தேறாவிட்டால், ரூட்டர் அதை ஒதுக்கிவிட்டு முதல் செய்தியையே திரும்பத் திரும்ப அனுப்பும். கடைசியில் 15 சொல்லித் துண்டிக்கும். சிக்னல் படுமோசமாக இருந்து செய்திகள் தொலைந்தாலும் இதே 15 வரும். ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து முயன்று பாருங்கள். அங்கேயும் 15 என்றால் பாஸ்வேர்டை இன்னொரு முறை சரிபாருங்கள்.

கேள்வி: 'பை ஏபி' என்று வந்தால் ரூட்டரை மாற்ற வேண்டியதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது ஐயா. ரீசன் 4 என்றால், லேப்டாப் பவர் சேவில் தூங்கியிருக்கலாம். ஆள் இல்லை என்று ரூட்டர் நீக்கியது நியாயமே. 'ஐடபிள்யூ டெவ்'க்குப் பிறகு உங்கள் இன்டர்ஃபேஸ் பெயர், அடுத்து 'செட் பவர்_சேவ் ஆஃப்'. ஒரு நாள் அப்படி ஓட்டுங்கள்.

அவரே: எனக்கு வருவது 4 இல்லை, 7. அதுவும் சரமாரியாக. ரூட்டர் போய்விட்டது என்கிறேன்.

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். 7 என்றால் இணைப்பில் இல்லாதவர் டேட்டா அனுப்புகிறார் என்று பொருள். ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகி உங்களை மறந்துவிட்டாலும் அது வரும். முதலில் ரூட்டரின் அப்டைமை, அதாவது எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். அது நீளமாக இருந்தால் வேறு சந்தேகம் வேண்டும். பிஎம்எஃப் (இணைப்பை நிர்வகிக்கும் செய்திகளுக்கான பாதுகாப்பு) இல்லாத டபிள்யூபிஏ2-வில், துண்டிக்கச் சொல்லும் டிஆத் ஃப்ரேமுக்குப் பாதுகாப்பே கிடையாது. ரூட்டரின் மேக் முகவரியைப் போட்டு அருகிலிருக்கும் எவரும் அனுப்பலாம். இப்படிப் போலி டிஆத் அனுப்பும் ஏர்ரீப்ளே-என்ஜி கருவி வழக்கமாக அனுப்புவதே ரீசன் 7-தான். 'பை ஏபி' என்பது உங்கள் கார்டு நம்பியது மட்டுமே.

இந்தப் பாதுகாப்புக்கான 802.11டபிள்யூ தரநிலை 2009-லேயே வந்துவிட்டது, டபிள்யூபிஏ3-இல் கட்டாயம். ரூட்டரில் பிஎம்எஃப்-ஐ 'ரிக்வயர்ட்' ஆக்குங்கள். அதன்பின் போலி வந்தால் இணைப்பு அறாது, 'அன்ப்ரொடெக்டட் டிஆத்' என்று ஈவென்டில் வரி மட்டும் விழும். அந்த வரியைப் பார்த்த பிறகும் ரூட்டரை மாற்றச் சொல்வீர்களா?

அவரே: பார்த்துவிட்டு வருகிறேன்.

கேள்வி: எனக்கும் அடிக்கடி அறுகிறது ப்ரோ, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். டிஸ்கனெக்டட் வரி இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: விண்டோஸில்?

பதில்: என் துறை இல்லை. அட்மினாக 'நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்' கொடுங்கள், கடந்த மூன்று நாள் விவரம் கிடைக்கும்.

கேள்வி: ஈவென்ட் வரிகளை கிரெப் கட்டளையால் தேடிப் பிடித்து, அறுந்ததும் மெசேஜ் அனுப்ப ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம். ஐடபிள்யூவின் வெளியீட்டைச் சுரண்டாதீர்கள், அது நிலையானதல்ல என்று அதன் ஹெல்ப் திரையிலேயே எழுதியிருக்கிறது. அடுத்த அப்டேட்டில் ஒரு சொல் மாறினால் உங்கள் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செத்துவிடும். இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இருந்தால் அதன் டிஸ்பேச்சர்.டி ஃபோல்டரில் ஸ்கிரிப்டை வையுங்கள். இன்டர்ஃபேஸ் பெயரும் 'அப்', 'டவுன்' போன்ற நிகழ்வும் அதற்கு வந்து சேரும். ஃபைல் ரூட் (அட்மின்) கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இருக்கக் கூடாது. இருந்தால் அது ஓடாது.