படர்தாமரைக்கு இலையா, களிம்பா? கேள்வி பதில்

கே: படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலை கேட்குமா, க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் களிம்புதான் போடணுமா?

ப: சீமை அகத்திக்கு வண்டுகொல்லி என்றே பெயர். அதிலுள்ள கிரைசோபேனிக் அமிலம் பூஞ்சையை ஒடுக்கும். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை ஏற்ற 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. சிக்கல் என்னவென்றால், இலைக்கு இலை வீரியம் மாறும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றை வட்டம் என்றால் முயன்று பார்க்கலாம். பச்சை இலையைத் தண்ணீர் விடாமல் அரைத்து, சாற்றை முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். எரிந்தால் விட்டுவிடுங்கள். 2 வாரத்தில் வட்டம் சுருங்காவிட்டால் களிம்புக்கு மாறுங்கள்.

க்ளோட்ரிமசோல் 1%: தினம் 2 வேளை. வட்டத்தின் நடுவில் தோல் தெளிந்திருக்கும், ஓரத்தில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கும். அதனால் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். மறைந்த பிறகும் 2 வாரம். அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

கே: பச்சைப் பூண்டு அரைத்துக் கட்டலாமா?

ப: கூடாது. சில மணி நேரத்தில் தோல் வெந்து கொப்புளிக்கும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போவதும் அப்படித்தான்.

கே: மெடிக்கலில் தந்த க்ரீம் 2 நாளில் அரிப்பை நிறுத்தியது சார். விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது.

ப: ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். வட்டத்தின் வடிவமே கலைந்துவிடுவதால் பார்க்கிற டாக்டருக்கும் அடையாளம் தெரியாது. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு போகாது.

கே: டாக்டர்களே எழுதுகிறார்களே, சும்மா பயமுறுத்தாதீர்கள். மூலிகைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்.

ப: நான் இலைக்காக வாதாடவில்லை. மேலே க்ளோட்ரிமசோலைத்தானே சொன்னேன்? வாதம் குளோபீட்டசாலைப் பற்றியது. 2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னொன்றும் இருக்கிறது: இந்தியாவில் இப்போது பரவும் ட்ரைக்கோபைட்டான் இன்டோடினியே என்ற படர்தாமரைப் பூஞ்சை பல நேரம் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே அடங்குவதில்லை. அதன் மேல் ஸ்டீராய்டையும் பூசினால் சில வாரங்களில் முடிய வேண்டியது வருஷக்கணக்கில் இழுக்கும்.

கே: வேப்பெண்ணெய், மஞ்சள்?

ப: சீமை அகத்திக்குச் சொன்ன அதே எல்லைதான். தொடை இடுக்கில் எண்ணெய் வேண்டாம், ஈரம் தங்கும்.

கே: முதுகில் தேமல். தேங்காய் எண்ணெய்?

ப: தேமல் பூஞ்சை கொழுப்பைத் தின்று வளர்வது. எண்ணெய் தடவாதீர்கள். கீட்டோகொனசோல் 2% ஷாம்புவை ஈர உடம்பில் பூசி 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள், 5 நாள். வெளுத்த இடம் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள்.

கே: 6 வயதுப் பையனுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டுகிறது, என்ன க்ரீம்?

ப: அது படர்தாமரை என்றால் எந்தக் க்ரீமும் முடி வேருக்குள் போகாது. மாத்திரை வேண்டும். தோல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

கே: எங்கள் மெடிக்கல் க்ரீமிலும் உடனே அரிப்பு நின்றது, தொடரலாமா?

ப: ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கே: வீட்டில் 4 பேருக்கும் மாறி மாறி வருகிறது.

ப: 4 பேரும் ஒரே நாளில் மருந்தைத் தொடங்குங்கள். துண்டு ஆளுக்கொன்று. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து வெயிலில் திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். 2 உள்ளங்கை அகல இடத்துக்கு ஒரு வேளைக்கு அரை கிராம் களிம்பு; 15 கிராம் ட்யூப் ஒருவருக்கு 15 நாள்தான் வரும். ஒரே ட்யூபை நாலு பேர் பங்கு போட்டால் யாருக்கும் போதாது.