சிறுநீர் ஒளிர்ந்தால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு 54 வயது. பீடிப் பழக்கம் உண்டு. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் சிறுநீரில் ஊதா ஒளியைப் பாய்ச்சி, 'புற்றுநோய்க்கான ஒளிர்வு அதிகம்' என்று சீட்டுக் கொடுத்தார்கள். பணம் கட்டினால் உடல் முழுக்க ஸ்கேன் எடுத்துத் தருவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

அறிவியலில் பொய் இல்லை. சிறுநீரில் ஃப்ளேவின், போர்பைரின் போன்ற பொருட்கள் இயல்பாகவே இருக்கின்றன. ஊதா ஒளி பட்டால் ஃப்ளேவின் பச்சையாகவும் போர்பைரின் சிவப்பாகவும் ஒளிரும். புற்றுநோய் வந்தால் இவற்றின் அளவு மாறலாம் என்று அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையினர் உட்படப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிதான். நோய் உறுதியானவர்களையும் நலமாக இருப்பவர்களையும் வைத்துக்கொண்டு வித்தியாசம் காட்டுவது ஒன்று. மண்டபத்துக்கு வந்து நிற்கும் உங்களுக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்வது வேறு.

முந்தின நாள் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டீர்களா? அதிலுள்ள ரைபோஃப்ளேவினும் ஒரு ஃப்ளேவின்தான். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது அதனால்தான். கருவியில் ஒளிர்வும் எகிறும். கல்லீரல் கோளாறு இருந்தால் போர்பைரின் கூடும். முகாமில் இதையெல்லாம் யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். ஆளை ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால் கமிஷன், அவ்வளவுதான். சீட்டில் டாக்டர் பெயர், பதிவு எண், கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ஒரு முத்திரை மட்டும்தான் இருக்கும். மண்டபத்தில் மைக் கட்ட அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள். புற்றுநோய் என்று சொல்லிப் பயமுறுத்த எந்த அனுமதியும் வேண்டாம் போலிருக்கிறது. புகார் கொடுத்தால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும். அதற்குள் முகாம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

சரி, ஒன்றே ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனதுண்டா? ஒரே ஒரு தடவை போய் நின்றிருந்தாலும் சரி, யூராலஜிஸ்டிடம், அதாவது சிறுநீர்ப்பாதை நோய்களைப் பார்க்கும் டாக்டரிடம், போய்விடுங்கள். புகைப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துக்கொண்டு இருப்பார்கள், இரண்டு நாளில் ரத்தம் தானாக நிற்கும், நிம்மதி அடைவார்கள். நிற்பதுதான் அந்த நோயின் தந்திரம். கட்டி உள்ளேயே இருக்கும். பெண்களுக்கு இன்னும் மோசம். சிறுநீர்த் தொற்று என்று மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடும். பீட்ரூட் சாப்பிட்டாலும் காசநோய் மாத்திரை போட்டாலும் சிறுநீர் சிவக்கும்தான். அது ரத்தமா இல்லையா என்று சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

ரத்தம்தான் என்றால் ஸ்கேனோடு சிஸ்டோஸ்கோபியும் செய்வார்கள், அதாவது சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்ப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்கிறார்கள், வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். சின்னக் கட்டிகள் ஸ்கேனுக்குத் தப்பிவிடும்.