அண்ணன் 2012-ல் போட்ட மனு: அழைப்பு எப்போது வரும்?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அமெரிக்கக் குடிமகனான என் அண்ணன் 2012 மார்ச்சில் எனக்காக ஐ-130 மனு (உறவினரைக் குடியேற அழைக்கும் மனு) போட்டார். 2018 செப்டம்பரில் அப்ரூவல் வந்தது. இப்போது இந்தியாவுக்கு 2006-ல் போட்ட மனுக்கள் ஓடுகின்றன என்கிறார்கள். அப்படியானால் ஐந்தாறு வருடத்தில் எங்கள் முறை வந்துவிடுமா? பணம் கட்டினால் இரண்டே வருடத்தில் முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். மகள் 2007 ஜூனில் பிறந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். மகன் 2012 அக்டோபரில் பிறந்தவன். படிப்பு முடிந்ததும் மகளுக்கு வரன் பார்க்க வேண்டும், அதை இதற்காகத் தள்ளிப் போடலாமா? கணவர் இலங்கை ஹட்டனில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் தாயகம் திரும்பியவர்."

முதலில் ஏஜென்ட் விஷயம். அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மனு எப்போதோ அப்ரூவல் ஆகிவிட்டது. இப்போது தேவைப்படுவது விசா எண். அது வருடத்துக்கு இத்தனை என்று சட்டம் அளந்து கொடுப்பது, வரிசைப்படிதான் வரும். வக்கீலாலும் எம்.பி.யாலும் தூதரக அதிகாரியாலும் அந்த வரிசையில் ஒருவரை முன்னே தள்ள முடியாது. கட்டணம் கட்ட வேண்டிய நாள் வரும்போது, அப்ரூவல் ஆன மனுக்களைக் கையாளும் நேஷனல் விசா சென்டர் கேட்ட பிறகு, அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே நேரடியாகக் கட்டுவீர்கள்.

சரி, வரிசைக்கு வருவோம். உங்கள் இடத்தைக் குறிப்பது பிரையாரிட்டி டேட். குடும்பப் பிரிவுகளில், அண்ணனின் மனு குடியேற்றத் துறை கையில் சேர்ந்த நாள்தான் அது, அப்ரூவல் ஆன நாள் அல்ல. ஆக உங்களுடையது 2012 மார்ச். குடியேற்றத் துறை அனுப்பி அண்ணனிடம் உள்ள ஐ-797 நோட்டீஸில் சரியான நாள் அச்சாகியிருக்கும், அதன் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குடிமக்களின் உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவுக்கு, உலகம் முழுமைக்கும் சேர்த்து, சட்டம் வருடத்துக்கு ஒதுக்கியிருப்பது 65,000 விசா. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. அந்தக் கணக்குப்படி இந்தியாவுக்கு ஏறக்குறைய 4,550. இதில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தனித்தனியாக எண்ணப்படுவார்கள். உங்களைப் போல நான்கு பேர் கொண்ட குடும்பங்கள் என்று வைத்தால், ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களோடு அந்த வருடக் கணக்கு முடிந்துவிடும்.

இங்கேதான் உங்கள் கழித்தல் கணக்கு தவறுகிறது. மனுவின் தேதி 2012, ஓடுவது 2006, ஆகவே ஆறு வருடம் என்று பலரும் நினைக்கிறார்கள். நாட்காட்டியில் ஒரு வருடம் கழிந்தால் வரிசையும் ஒரு வருடம் நகர்ந்தால்தான் அது சரியாக வரும். நகர்வதில்லை. எந்தத் தேதிக்கு முந்தைய மனுக்களுக்கு விசா உண்டு என்று மாதாமாதம் வெளியுறவுத் துறை அறிவிக்கும் விசா புல்லட்டினில், 2022 இறுதியில் இந்தியாவின் எஃப்4 தேதி 2005 செப்டம்பர். 2025 இறுதியில் அது 2006 நவம்பர் 1. மூன்று வருடத்தில் நகர்ந்தது பதின்மூன்றரை மாதம்தான். உங்களுக்கு முன்னால் இன்னும் 64 மாத மனுக்கள் நிற்கின்றன. இதே வேகம் நீடித்தால் 14 வருடம், அதாவது 2040 வாக்கில். வேகம் கூடலாம், குறையலாம். நிதியாண்டு செப்டம்பரில் முடிவதால், அதற்கு முந்தைய மாதங்களில் ஒதுக்கீடு தீர்ந்து தேதி பின்னால் போவதும் உண்டு. ஆனால் ஐந்தாறு வருடம் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருப்பதையும் கவனியுங்கள். இரண்டாவது அட்டவணையில் தேதி சற்று முன்னால் இருக்கும். ஆவணங்களை எப்போது அனுப்பத் தொடங்கலாம் என்பதைத்தான் அது சொல்கிறது. விசா கையில் கிடைப்பது முதல் அட்டவணையின் தேதியைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் நல்ல செய்திகளில் பாதி, இந்த இரண்டாவது அட்டவணையைப் பார்த்து எழுதியவை.

அப்புறம், பிள்ளைகள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். உங்கள் மனுவின் வழியாக வர வேண்டுமானால் பிள்ளைக்கு 21 வயது ஆகியிருக்கக் கூடாது, திருமணமும் ஆகியிருக்கக் கூடாது. 2002-ல் வந்த குழந்தைகள் வயதுப் பாதுகாப்புச் சட்டம் இதில் ஒரு சலுகை தருகிறது: முதல் அட்டவணைப்படி உங்கள் முறை வரும் நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதிலிருந்து மனு அப்ரூவலுக்காகக் கிடந்த காலத்தைக் கழித்துவிடலாம். உங்கள் மனு 2012 மார்ச்சிலிருந்து 2018 செப்டம்பர் வரை ஆறரை வருடம் கிடந்தது. அன்று உங்களை அலுக்க வைத்த அந்தத் தாமதம் இன்று பிள்ளைகளுக்குச் சாதகம். இருபத்தேழரை வயது வரை அவர்களுக்கு இடம் உண்டு.

மகளுக்கு அந்தக் கெடு 2034 டிசம்பரில் முடிகிறது. 2040-க்கு அது போதாது. மகனுக்கு 2040 ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது, நூலிழையில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவன் விஷயத்தில், முறை வந்த ஒரு வருடத்துக்குள் டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பம் போன்ற அடுத்த நடவடிக்கையைத் தொடங்கியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தவறினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வயது கடந்த பிள்ளைக்கு நீங்கள் பின்னாளில் தனியாக மனு போடும்போது, 2012 தேதியையே தொடர முடியுமா என்று பலர் கேட்பதுண்டு. முடியாது. உங்களைப் போன்ற பிரிவுகளில் வரும் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் கிரீன் கார்டு வாங்கிய பிறகு, திருமணமாகாத பிள்ளைக்கு மட்டும் புதிய மனு போடலாம், புதிய தேதியோடு.

ஆகவே, மகளின் படிப்பையோ திருமணத்தையோ இந்த மனுவுக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்கா போகத்தான் ஆசை என்றால், மாணவர் விசா, வேலை விசா என்று தன் வழியை அவளே தேடிக்கொள்ள இது நல்ல வயது.

இனி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி. ஏழு சதவீத வரம்பில் ஒருவரை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது என்பதை முடிவு செய்வது பிறந்த நாடு, பாஸ்போர்ட் அல்ல. கணவனும் மனைவியும் வெவ்வேறு நாடுகளில் பிறந்து, ஒன்றாகக் குடியேறினால், இருவரில் எவருடைய நாட்டுக் கணக்கிலும் சேரலாம். உங்கள் கணவர் இன்று இந்தியக் குடிமகன்தான், ஆனாலும் பிறந்தது ஹட்டன். எனவே நீங்கள் இருவரும் இலங்கைக் கணக்கில் போகலாம். புல்லட்டின் அட்டவணையில் இலங்கைக்குத் தனிப் பத்தி (column) கிடையாது, தனிப் பத்தி இல்லாத எல்லா நாடுகளுக்கும் உள்ள பொதுப் பத்திதான். 2025 இறுதியில் பொதுப் பத்தியின் எஃப்4 தேதி 2008 ஜனவரி 8, இந்தியாவைவிட 14 மாதம் முன்னால்.

இதை நம்பி எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2022 இறுதியில் இந்த இடைவெளி 18 மாதமாக இருந்தது. இந்தியப் பத்தி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னாலேயே வந்து எட்டிப் பிடிக்கிறது. உங்கள் முறை வரும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டிருக்கலாம். ஆனாலும் மகனின் நூலிழைக் கணக்கில் மூன்று மாதம்கூடப் பெரிது. நீலகிரியில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, இந்த வழி அவர்களில் பலருக்குத் தெரியாது. வேலைவாய்ப்புப் பிரிவில் காத்திருக்கும் பிள்ளைகள் அந்தக் குடும்பங்களில் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அங்கே, உயர்பட்டம் பெற்றவர்கள் போன்றோருக்கான இபி-2 பிரிவில் இந்தியப் பத்திக்கும் பொதுப் பத்திக்கும் பத்து வருடத்துக்கு மேல் வித்தியாசம்.

இதற்கிடையில் மனு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2012-ல் அண்ணன் கொடுத்த இமெயிலும் வீட்டு முகவரியும் இன்றும் அதேதானா? மாறியிருந்தால் நேஷனல் விசா சென்டரிடம் திருத்தச் சொல்லுங்கள், உங்கள் இமெயிலையும் சேர்க்கச் சொல்லுங்கள். முறை வந்ததாக அவர்கள் அறிவித்து ஒரு வருடம் பதிலே இல்லாவிட்டால் மனுவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நடுவில் அண்ணனைப் பார்க்க டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பித்தால், குடியேற்ற மனு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதுங்கள். மறைப்பது பிற்பாடு இந்த மனுவையே கெடுத்துவிடும்.

கேட்கச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மனு போட்டவர் காலமானால் மனுவும் அத்தோடு நின்றுவிடும். மனிதாபிமான அடிப்படையில் அதை மீட்கக் கோரலாம், ஆனால் முடிவு அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்தது. வேறொரு நெருங்கிய உறவினர் நிதிப் பொறுப்பும் ஏற்க வேண்டியிருக்கும்.

இந்த வருடம் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. கணவரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். பிறப்பு பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் சான்றளித்த நகல் கிடைக்கும், அங்கே உறவினர் இருந்தால் அவர் மூலம் விண்ணப்பிக்கலாம். வந்ததும் அதில் உள்ள பெயரையும் அப்பா பெயரையும் இந்திய பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்தில் பதிந்த பெயர் ஒன்று, இங்கே பள்ளியில் சேர்த்தபோது எழுதிய பெயர் வேறொன்று என்பது இந்தக் குடும்பங்களில் சகஜம். அதைச் சரிசெய்ய, அந்தக் காலத்தை அறிந்த பெரியவர்களின் வாக்குமூலம் தேவைப்படலாம். அவர்கள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.