நிற்கிற விமானம்

அன்புள்ள அண்ணா,

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் தொழில் செய்கிறேன். வயது 41. போன வருஷம் விமானம் ஓட்டப் பழக ஆரம்பித்தேன். வெளிமாநிலத்தில் ஒரு பள்ளி, மாதம் நாலைந்து நாள் போய் வருவேன். இதுவரை 26 மணிநேரம் ஆகியிருக்கிறது. இப்போது வடக்கே ஒருவர் 1978 மாடல் செஸ்னா 172, நாலு பேர் உட்காரும் சின்ன விமானம், விற்கிறார். எஞ்சின் 900 மணிநேரம்தான் ஓடியிருக்கிறது. ஆறு வருஷமாகப் பறக்கவில்லை. ஆனால் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுகிறார்களாம். நீங்கள் பங்கு போட்டு விமானம் வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா? வீட்டில் ‘பைத்தியமா’ என்கிறார்கள்.

ஒரு வாசகர், திருச்செங்கோடு

*

அன்புள்ள தம்பி,

வீட்டில் சொல்வதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. என் வீட்டிலும் அதே வார்த்தைதான். ஆனால் இந்த விமானத்தை வாங்காதீர்கள்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் ஷெட்டில் நின்ற கம்ப்ரசரை ‘கம்மியாத்தான் ஓடியிருக்குதுங்க’ என்று சொல்லி யாராவது உங்கள் தலையில் கட்ட முடியுமா? விமானம் என்றதும் நமக்கு அந்தக் கண் மூடிக்கொள்கிறது. எனக்கும் மூடியது.

இந்த விமானத்தில் இருக்கிற லைகோமிங் கம்பெனி எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட், கிராங்க் ஷாப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வண்டி நின்றுவிட்டால் ஆயில் மெல்ல வடிந்து கீழே போய்விடும். மேலே காய்ந்த இரும்பில் ஈரக்காற்று பட்டுத் துரு ஏறும். அப்புறம் ஒருநாள் எஞ்சினை ஓட்டினால், துருப்பிடித்த கேம், அதோடு உரசி வால்வைத் தள்ளும் டாப்பெட்டை அரைத்துத் தின்ன ஆரம்பிக்கும். அதிலும் 1977 முதல் 1980 வரை 172என் மாடலில் வந்த ஓ-320-எச்2ஏடி எஞ்சின் கேம், டாப்பெட் தொல்லைக்கே பேர் போனது. நீங்கள் சொல்வது 1978.

அந்தப் பத்து நிமிட ஸ்டார்ட்தான் என்னைப் பயமுறுத்துகிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் ஆயிலில் சேரும். அரைமணி, ஒருமணி பறந்து ஆயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் அந்தச் சூடு வராது. வாரா வாரம் ஈரத்தை உள்ளே விட்டு மூடி வைக்கிறார்கள். சும்மா விட்டிருந்தாலே தேவலை. எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்கு லைகோமிங் சொல்லும் கணக்கு 2000 மணிநேரம் அல்லது 12 வருஷம், எது முந்துகிறதோ அது. விற்கிறவர் வருஷக் கணக்கை வாயில் எடுக்கவே மாட்டார்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கியதும் ஒரு பழைய 172தான். கோவையில் நிறுத்தியிருந்தோம். ஒரு வருஷம் ஆடி முழுக்க வெளியே எடுக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரிந்ததுதான். கோவை ஓடுதளம் தென்மேற்கு வடகிழக்காக இருப்பதால் அது பெரும்பாலும் முகத்துக்கு நேரே வரும், இறங்குவதில் சிரமமில்லை. மேலே போய்விட்டால்தான் மேட்டாங்காட்டில் மாட்டுவண்டி ஓட்டுகிற மாதிரி குலுக்கி எடுக்கும்.

ஆவணியில் எடுத்தேன். சுற்றிவந்து எல்லாம் பார்த்தேன். வேகத்தை அளக்கக் காற்றை உள்வாங்கும் பிட்டோ குழாயையும் பார்த்தேன், அதன் வாய்க்குள் பார்க்கவில்லை. ஓடுதளத்தில் விமானம் வேகம் பிடித்துவிட்டது, வேகம் காட்டும் முள் மட்டும் அசையவே இல்லை. பிரேக்கைப் பிடித்தேன். அங்கே ஓடுதளம் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உறை போடாமல் போனது யார் என்று நாலு பேருக்கும் ஒருவாரம் சண்டை. யார் எப்போது பறந்தார் என்று எழுதிவைக்கும் லாக் புத்தகத்தைப் புரட்டினால், கடைசியாகப் பறந்தவன் நான்தான்.

பங்கு என்பது நம் கூட்டுக் கிணறு மாதிரிதான். முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதில் பெரிதாகச் சண்டை வராது, மோட்டார் புகைந்தால்தான் வரும். ஒருவர் விலகினால் பங்குக்கு என்ன விலை, இறக்கையை உரசிவிட்டால் செலவு யாருடையது என்பதையெல்லாம் வாங்குமுன் எழுதிவிட வேண்டும். நாங்கள் எழுதவில்லை. நாலு வருஷத்தில் விற்றோம். அந்த மூவரில் ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்த்தால் இன்றும் தலையாட்டலோடு சரி.

ரிக் நின்றால் வட்டி ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அது ஓடினால் காசு வரும். இது ஓடினாலும் வராது. தனியார் பைலட் லைசென்ஸில் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. நின்றாலும் பறந்தாலும் ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், வருஷா வருஷம் பறக்கும் தகுதிச் சோதனை, அதற்கு லைசென்ஸ் உள்ள எஞ்சினியர் எல்லாம் உண்டு. விமான நிலையத்திலேயே எண்ணெய் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் இருப்பது ஜெட் எரிபொருள். உங்களுக்கு வேண்டியது நீல நிற அவ்காஸ் 100எல்எல், இந்த மாதிரிச் சின்ன விமானங்களுக்கான பெட்ரோல். இந்தியன் ஆயில் அதை குஜராத்தில் தயாரிக்க ஆரம்பித்ததே 2022இல்தான். மணிக்கு 30, 35 லிட்டர் குடிக்கும். எங்கே பீப்பாய் கிடைக்கும் என்று விசாரிப்பதிலேயே எனக்குப் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதலில் 40 மணிநேரத்தை முடித்து லைசென்ஸை வாங்குங்கள். அடுத்த ஒரு வருஷம் பள்ளியிலோ கிளப்பிலோ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறந்துவிட்டு, டிசம்பரில் லாக் புத்தகத்தைக் கூட்டிப் பாருங்கள். 100 மணிநேரம் தாண்டியிருந்தால் தேட ஆரம்பிக்கலாம், இது என் கணக்கு. 30தான் என்றால் உங்கள் விமானமும் குளவிக்குத்தான். செஸ்னா 1986இல் 172 தயாரிப்பை நிறுத்தி, 1996இல்தான் திரும்ப ஆரம்பித்தது. அந்தப் பிந்தைய வண்டிகளில், 1500 மணிநேரம் ஆகியிருந்தாலும் வாரா வாரம் பறந்ததாகப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் அந்த 1978 மாடல் மனசைவிட்டுப் போகவில்லை என்றால், ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமைப் பார்க்க விடுவாரா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் போனை வைத்துவிடுங்கள். சரி என்றால் எனக்கு எழுதுங்கள், ஒரு எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன்.