சோயா விதைத்தவருக்கு மக்காச்சோள மானியம் வருவது எப்படி?

அமெரிக்கக் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பகுதிகள்) பி.எல்.சி. திட்டத்தின் பணம், அதாவது சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் அரசு தரும் மானியம், இந்த வருடம் என்ன விதைத்தீர்கள் என்பதைப் பார்த்து வருவதில்லை. பழைய சாகுபடிக் கணக்கை வைத்து நிலத்தோடு பதிவான 'அடிப்படை ஏக்கருக்கு' வருகிறது. அதனால்தான் சோயா நிற்கும் வயலுக்கும் மக்காச்சோளப் பணம் கிடைக்கிறது.

மக்காச்சோளத்துக்குச் சட்டம் வைத்த அடிப்படை ஆதார விலை 2014 முதல் 2024 பயிர் வரை புஷலுக்கு (தானிய அளவை) 3.70 டாலர், 2025 சட்டம் அதை 4.10 ஆக்கியது. பழைய விலையில், தேசிய சராசரிச் சந்தை விலை 3.40 என்றால் வித்தியாசம் 0.30. நூறு அடிப்படை ஏக்கரில் 85 மட்டுமே கணக்கு. பதிவான மகசூல் 150 புஷல் என்றால் 85 × 150 × 0.30 = 3,825 டாலர். அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்துதான் பணம் வரும். அதை நம்பி விதைக்கடன் வாங்க வேண்டாம்.

ஏ.ஆர்.சி. கவுண்டி திட்டம் வேறு; அது கவுண்டி முழுவதன் சராசரி வருவாய் குறைந்தால் பணம் தருவது. உங்கள் வயல் ஆலங்கட்டி மழையில் அழிந்தாலும் அந்தக் கவுண்டி சராசரி நன்றாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. அந்த இழப்புக்குப் பயிர்க் காப்பீடுதான் வழி.

பணம் பெரும்பாலும் தடைபடுவது காகிதத்தில்: விதைத்த பரப்பறிக்கை (மத்திய மேற்கு மாநிலங்களில் பொதுவாக ஜூலை 15-க்குள்), மண்பாதுகாப்புக்கான ஏ.டி.-1026 படிவம், வருமானச் சான்று. ரொக்கக் குத்தகையில் மானியம் குத்தகைதாரருக்கு. விளைச்சல் பங்கு என்றால் இருவருக்கும் பிரியும்.