வீட்டுக்கு மசாஜ் சேர்: எல் டிராக், 4டி எல்லாம் தேவையா?

வயதான அப்பா, அம்மாவுக்கு எந்த மசாஜ் சேர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டிராக், அதாவது உருளைகள் ஓடும் தடம். எஸ் டிராக் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் வளைவோடு போகும். எல் டிராக் அதையும் தாண்டி தொடை வரை இறங்கும். இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது என்பவர்களுக்கு எல்தான் சரி.

2டியில் உருளைகள் மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டுமே நகரும். 3டியில் எவ்வளவு ஆழமாக அழுத்த வேண்டும் என்பதையும் மாற்றலாம். வயதானவர்களுக்கு அழுத்தத்தைக் குறைக்க முடிவது ரொம்ப முக்கியம், அதனால் 3டி எடுங்கள். வேகத்தையும் தாளத்தையும் மாற்றும் 4டிக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

அவர்களையே கடைக்கு அழைத்துப்போய், ஒரு முழுச் சுற்று உட்கார வையுங்கள். தோளில் படவேண்டிய உருளை பின்மண்டையில் இடித்தால், அந்தச் சேர் அவர்கள் உயரத்துக்கு ஆகாது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம், பெரிய சேர்கள் 100 கிலோவுக்கு மேல்கூட வரும். வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் ஊருக்கே சர்வீஸ் ஆள் வருவாரா என்றும் கேளுங்கள். பேஸ்மேக்கர், எலும்பு மெலிவு, காலில் ரத்தக்கட்டு இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.