விசுவாசத்துல வளர பைபிளும் ஜெபமும் மட்டும் போதாதா? மத்த விசுவாசிகள்ட்ட கத்துக்கிறது, அவங்களை கனம்பண்றது எல்லாம் மனுஷனைப் பின்பத்துறது ஆகாதா?

உங்க கேள்வியைப் படிச்சதும் நீங்க எங்கயோ நல்லா நொந்துபோய் வந்திருக்கீங்கன்னு தோணுச்சு. யாரோ ஒரு பாஸ்டரையோ வாலிபர் கூட்டத்து அண்ணனையோ தலைல தூக்கி வச்சு ஆடியிருப்பீங்க, அப்புறம் அவர் சாயம் வெளுத்திருக்கும், "இனிமே எந்த மனுஷனும் வேண்டாம், நானும் என் பைபிளும் போதும்"னு ரூம் கதவைச் சாத்திட்டீங்க. அப்படி இல்லைன்னா மன்னிச்சுக்கோங்க, ஆனா இந்தக் கேள்வி கேக்குறவங்க முக்கால்வாசிப் பேர் கதை இதுதான்.

முதல்லயே சொல்லிடறேன், நான் தியாலஜி எல்லாம் படிக்கல. ஒரு ஸ்கூல்ல கிளார்க். பொறந்தது தூத்துக்குடி பக்கம் ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம், கட்டிக்கொடுத்தது பாளையங்கோட்டை பக்கம் சிஎஸ்ஐ, அதாவது மாதாவையும் புனிதர்களையும் வணங்காத புராட்டஸ்டன்ட் குடும்பம். அதனால இந்த "மனுஷங்களை கனம்பண்றது தப்பா"ங்கிற கேள்வி எனக்குப் புதுசே கிடையாது, கல்யாணமாகி வந்த நாள்லேருந்து விருந்துக்கு வர்ற ஒவ்வொரு சொந்தக்காரரும் "உங்க அம்மா இன்னும் பனிமய மாதா திருவிழாவுக்குப் போறாங்களாம்மா"ன்னு ஒரு சிரிப்போட கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு. ஆமா, போறாங்க. ஆகஸ்ட் அஞ்சாம் தேதி தப்பாம போறாங்க. அதே அம்மாதான் எனக்கு தினமும் முழங்கால் போடக் கத்துக்கொடுத்தாங்க, கேலி பண்ணினவங்க யாரும் கத்துக்கொடுக்கல. சரி அதை விடுங்க.

நான் எழுத வந்தது எங்க சபைல இருந்த ஒரு பைபிள் உமன் அம்மாவைப் பத்தி. பேர் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே பிடிக்காது. சிட்டில இருக்கவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், பைபிள் உமன்னா வீடு வீடாப் போய் பொம்பளைங்களைப் பாத்து வேதம் வாசிச்சு ஜெபம் பண்ற ஊழியக்காரம்மா, மிஷனரி காலத்துலேருந்து நம்ம பக்கம் இருக்கிற வேலை, சம்பளம்னு பாத்தா சொல்லவே கூச்சமா இருக்கும். நான் அவங்களை பெரியம்மான்னுதான் கூப்பிடுவேன். ஒல்லியா இருப்பாங்க, வெள்ளைச் சேலை, கைல ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள பெரிய எழுத்து பைபிளும் யாரோ கொடுத்த பழைய டைரியும். பெண்கள் ஐக்கிய சங்கத்துல என்னை செயலாளரா போட்டப்போ, சொகமில்லாதவங்களைப் போய்ப் பாக்கிறதும் என் தலைல விழுந்துச்சு. அப்பதான் அவங்க கூடவே சுத்த ஆரம்பிச்சேன்.

நீங்க யாராவது சொகமில்லாதவங்களைப் பாக்கப் போறப்போ என்ன நடக்கும்னு நினைச்சுப் பாருங்க. எட்டு பேர் திபுதிபுன்னு உள்ள போவாங்க, கட்டில்லயே உக்காருவாங்க, "டாக்டர் என்ன சொன்னாரு, எந்த ஆஸ்பத்திரி, எங்க மச்சானுக்கும் இப்படித்தான் வந்துச்சு"ன்னு ஆரம்பிச்சு அந்த மச்சான் செத்த கதை வரைக்கும் சொல்லிட்டு, அப்புறம் ஒருத்தர் அரைமணி நேரம் ஜெபம் பண்ணுவார், வீட்டுக்காரம்மா அடுப்படில காபிக்குப் பால் பத்தலையேன்னு தவிச்சுட்டு இருப்பா. பெரியம்மா இதுல ஒண்ணும் செய்ய மாட்டாங்க. செருப்பை வாசல்ல கழட்டிப்போட்டதும் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, இப்பதான் குடிச்சேன்"னு முதல் வார்த்தையே அதுதான். நோயைப் பத்தி அவங்களா வாய் திறக்க மாட்டாங்க. படுத்திருக்கிறவங்க முகத்துக்கு நேரா, அவங்க தலையைத் தூக்காமப் பாக்கிற மாதிரி தரையில உக்காருவாங்க. "எந்த சங்கீதம் வாசிக்கணும்யா?"ன்னு கேப்பாங்க. தெரியலைன்னா 121, இல்லைன்னா 23. வாசிச்சு முடிச்சா ரெண்டு நிமிஷ ஜெபம், அதுல வீட்ல இருக்கிற எல்லார் பேரும் வரும், பத்தாவது எழுதப்போற பேத்தி பேர் வரைக்கும். அந்த டைரில எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. "முட்டு வலி", "மகன் துபாய் விசா", "மருமக கோவிச்சுட்டுப் போயிட்டா", இப்படி. காரியம் ஆயிட்டா பக்கத்துல "ஸ்தோத்திரம்"னு எழுதுவாங்க. ஆள் போயிட்டா "போயாச்சு"ன்னு எழுதுவாங்க, அதுக்கு அப்புறமும் அந்த வீட்டுக்காரங்க பேர் அதே பக்கத்துல தொடரும்.

இதெல்லாம் கூட நல்ல பழக்கம்னு சொல்லிட்டுப் போயிடலாம். என்னை அசைச்சது கடைசியா அவங்க செய்ற ஒண்ணுதான். கிளம்புறதுக்கு முன்னாடி, படுத்த படுக்கையா கிடக்கிற அந்த ஆள்கிட்டயே "சரி, இப்ப நீங்க எனக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க"ன்னு தலையைக் குனிஞ்சு உக்காந்துருவாங்க.

பனைலேருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ வராமப் போன ஒரு தாத்தா. ஜனங்க அவரைப் பாக்கப்போனா ஐயோ பாவம்னு உச்சு கொட்டிட்டு நூறு ரூபாயைத் தலகாணிக்கு அடில வச்சுட்டு வருவாங்க. கோயில்ல அவர் வாயைத் திறந்து யாரும் பாத்ததே இல்ல. அவர்கிட்ட போய் இந்தம்மா எனக்கு ஜெபம் பண்ணுங்கன்னா அவர் என்ன பண்ணுவார்? மேல ஓலையைப் பாத்தார், என்னையப் பாத்தார், "எனக்கு அதெல்லாம் வராதும்மா"ன்னார். பெரியம்மா குனிஞ்ச தலையை நிமித்தவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு "ஆண்டவரே, இந்த அம்மா முட்டு வலிய எடுத்துரும், அவ ஊரெல்லாம் நடக்கணும்லா"ன்னார். அவ்வளவுதான். ஆமென் கூட சொல்லல. அடுத்த தடவை போனப்ப, நாங்க உள்ள நுழையும்போதே "முட்டு எப்படி இருக்கு?"ன்னு அவர்தான் கேட்டார். பெத்த பிள்ளைங்ககிட்ட கூட எதுவும் கேக்காம சுவரைப் பாத்துப் படுத்திருந்த மனுஷன்.

வெளிய வந்து நான் கேட்டேன், பெரியம்மா இதை எங்க கத்துக்கிட்டீங்கன்னு. "எங்கயும் இல்லட்டி, ஆண்டவர் சமாரியப் பொம்பளைட்ட தண்ணி கேக்கலியா"ன்னுட்டு குடையை விரிச்சு நடந்துட்டாங்க.

யோவான் நாலாம் அதிகாரத்தை சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன். அந்தப் பொம்பளைக்கு அவர் ஜீவத்தண்ணீர் கொடுத்தார்ங்கிறதைத்தான் எல்லா பிரசங்கியாரும் சொல்வாங்க, முதல்ல அவர்தான் "தாகத்துக்குத்தா"ன்னு கேட்டார்ங்கிறதை யாரும் நிறுத்திச் சொன்னதில்ல. பவுலும் அப்படித்தான். ரோமர் முதல் அதிகாரத்துல, உங்களுக்கு ஆவிக்குரிய வரம் கொடுக்கணும்னு வர்றேன்னு ஆரம்பிச்சிட்டு அடுத்த வரியிலேயே, உங்க விசுவாசத்தால நானும் ஆறுதலடையணும்னு சொல்றார். அப்போஸ்தலனே இப்படிச் சொன்னா நமக்கு என்ன வந்துச்சு? அப்பொல்லோவை எடுத்துக்கோங்க, வேதாகமங்களில் வல்லவன்னு பேர் எடுத்த ஆள், கூடாரம் தைக்கிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூட்டிட்டுப் போய் விளக்கிச் சொன்னா கேட்டுக்கிறான். அதனால பைபிள் மட்டும் போதுமேன்னு சொல்றவங்ககிட்ட நான் சொல்றது, அந்த பைபிளேதான் இன்னொருத்தன்ட்ட போய்க் கேளுன்னு அனுப்புது.

கமெண்ட்ல "சிருஷ்டிகரைத் தொழுது சேவியாமல் சிருஷ்டியைத் தொழுது சேவித்தார்கள்"னு வசனம் ஒட்டப்போறவங்களுக்கு, நான் யாரையும் தொழச் சொல்லல. கனம்பண்றதுல ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கோங்கன்னு ரோமர் 12:10ல இருக்கு, வசனம் போடறதா இருந்தா அதையும் சேத்துப் போடுங்க.

நம்ம ஊர் சரித்திரமும் இதேதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலைல தரங்கம்பாடில வந்து இறங்கினப்போ வயசு இருபத்துநாலு. போதிக்க வந்த ஆள்தான், ஆனா ஒரு வயசான தமிழ் வாத்தியாரைப் பிடிச்சு அவர் பள்ளிக்கூடத்தையே வீட்டுக்கு வரவச்சு, சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து மண்ணுல விரலால அ, ஆ எழுதினார். அப்படிக் கத்துக்கிட்டதாலதான் 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சுல வந்துச்சு. நம்ம கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். இங்க ஜனங்க கும்பிடுற சாமிகளைப் பத்தி கேட்டு விசாரிச்சு ஒரு புஸ்தகமே எழுதி 1713ல ஊருக்கு அனுப்பினார், அங்க இருந்தவங்களோ உன்னை இதைப் பரப்பவா அனுப்பினோம்னு மூலைல போட்டுட்டாங்க, 1867லதான் அது அச்சாச்சு.

அசரியா பேராயர் எங்க பக்கம் வெள்ளாளன்விளைக்காரர், 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர். அவர் யாழ்ப்பாணம் போனப்ப அங்க தமிழ்க் கிறிஸ்தவங்களே தங்க சொந்தக் காசுல ஊழியக்காரங்களை அனுப்புறதைப் பாத்துட்டு வந்துதான் 1903ல திருநெல்வேலில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமாச்சு. அதே மனுஷன் 1910ல ஸ்காட்லாந்துல நடந்த எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுல வெள்ளைக்கார மிஷனரிங்க அத்தனை பேர் முன்னாடி எழும்பி, ஏழைங்களுக்கு உங்க ஆஸ்தியைக் கொடுத்தீங்க, உங்க சரீரத்தையே கொடுத்தீங்க, எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கன்னு கேட்டார். வாங்கிக்கிற கூட்டமாவே எங்களை வச்சிருக்காதீங்கன்னு சொன்ன மாதிரிதான் எனக்குப் படுது. அந்தப் பனையேறித் தாத்தாவுக்கும் அதுதானே வேண்டியிருந்துச்சு.

இப்ப நம்ம சபைங்கள்ல கனம்பண்றதுங்கிற பேர்ல நடக்கிறதைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. பிரதிஷ்டை பண்டிகைக்கு, அதான் கோயில் பிரதிஷ்டை பண்ணின நாளைக் கொண்டாடுறதுக்கு, ஆள் உயர ஃபிளெக்ஸ், அதுல கமிட்டிக்காரங்க போட்டோ வரிசையா, மூலைல தபால்தலை சைஸ்ல சிலுவை. பொன்னாடை போத்துறதுக்கே ஒரு மணி நேரம். எங்களுக்கு அசனம்னா தெரியும்ல, வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, பெரிய பெரிய வட்டாவுல சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, முதலாளியும் கூலியாளும் ஒரே பந்தில உக்காந்து சாப்பிடறது, அதுக்குத்தான் அது. போன தடவை பாத்தா விஐபின்னு தனிப் பந்தல், ஃபேன், மேசை நாற்காலி, தனி எலும்பு. யாக்கோபு ரெண்டாம் அதிகாரத்தை அப்படியே செட் போட்டு நடிச்ச மாதிரி இருந்துச்சு, பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு நீ அங்கே நில்லு. சவுண்ட் சிஸ்டம் பத்தி நான் பேச ஆரம்பிச்சா இன்னொரு பதில் எழுதணும், நூறு பேர் கோயில்ல கல்யாண மண்டப ஸ்பீக்கர், பாமாலை மனப்பாடமாத் தெரிஞ்ச வயசானவங்க பாடறது அவங்க காதுக்கே கேக்கல, அதையும் "வாலிபர்களை உற்சாகப்படுத்துறோம்"னு சொல்றாங்க. நானும் ரெண்டு வாலிபப் பிள்ளைங்களைப் பெத்தவதான், அவனுங்களே காதைப் பொத்திட்டு உக்காந்திருக்கானுங்க.

பெரியம்மா ஓய்வு பெற்றப்போ அவங்களுக்கும் ஒரு பொன்னாடை போத்தினாங்க. மைக்ல பேரைத் தப்பாச் சொன்னாங்க. பென்ஷன்னு ஒண்ணும் கிடையாது. கமிட்டில இதைக் கேட்டதுக்கு "பண்ட் இல்லம்மா"ன்னாங்க, அடுத்த மாசம் ஆல்டருக்கு மார்பிள் மாத்தினாங்க. இதுக்கு மேல எழுதினா அடையாளம் தெரிஞ்சிடும், விட்டுடறேன்.

ஆனா அன்னைக்கு சாயங்காலம் நான் அவங்க வீட்டுக்குப் போய் கேட்டது அந்த டைரியைத்தான். இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா, எப்படி வச்சுக்கணும்னு சொல்லிக்கொடுங்கன்னேன். பொன்னாடை போத்தினப்ப அசையாம நின்ன அந்தம்மா, டக்குனு எந்திரிச்சு கண்ணாடியைத் தேடி எடுத்து, பாய் விரிச்சு, ஒவ்வொரு பக்கமா விரலை வச்சு "இவளுக்குக் காது கேக்காது, சத்தமா வாசி. இவன் குடிப்பான், காலைல போ. இந்த வீட்ல மாமியாருக்கு முன்னாடி மருமக பேர் சொல்லி ஜெபம் பண்ணாத, சண்டையாயிரும்"னு ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டியும் சொல்லிட்டே இருந்தாங்க. எந்த வேதாகமக் கல்லூரிலயும் இந்தப் பாடம் கிடையாது, அடிச்சுச் சொல்றேன்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். சாயம் வெளுத்த அந்த அண்ணனை நீங்க கனம்பண்ணலை, ரசிச்சீங்க, அது வேற. அவர்கிட்ட ஜெபம் எப்படிப் பண்றதுன்னு என்னைக்காவது கிட்ட உக்காந்து கேட்டீங்களா? மேடையில இருக்கவங்ககிட்ட அப்படிக் கேக்கவும் முடியாது, நேரம் கொடுக்க மாட்டாங்க. எபிரெயர் 13:7ல போதிச்சவங்களோட நடக்கையின் முடிவை நல்லா சிந்திச்சு அவங்க விசுவாசத்தைப் பின்பற்றுங்கன்னு இருக்கு, நடக்கையின் முடிவைப் பாக்கணும்னா வயசானவங்ககிட்டதான் போகணும், முப்பது வயசு யூடியூப் ஊழியக்காரர்கிட்ட என்ன முடிவைப் பாப்பீங்க? (எல்லாரையும் சொல்லல, சண்டைக்கு வராதீங்க.) வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பைக்கை எடுக்க ஓடாதீங்க. கடைசி பெஞ்சுல ஒரு பாட்டியோ தாத்தாவோ எப்படியும் இருப்பாங்க. அவங்களுக்கு நீங்க ஜெபம் பண்ண வேண்டாம், உங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லுங்க. எதுக்குன்னு விவரமாச் சொல்லுங்க, இன்டர்வியூன்னா எந்தக் கம்பெனி, எத்தனை மணிக்குன்னு. அடுத்த வாரம் அவங்களே உங்களைத் தேடி வந்து என்னாச்சுன்னு கேப்பாங்க.

பிகு: இது எந்த சபை, எந்த சேகரம்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, சத்தியமா சொல்ல மாட்டேன். ஆர்சியா இருந்தவங்க இப்படித்தான் பேசுவாங்கன்னு எழுதப்போறவங்க, தாராளமா எழுதுங்க, எங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டறேன்.